காலையில் ஒரு சொட்டும் தொடவில்லை

ஜனவரி 11

தம்பிக்கு அக்கா எழுதுவது.

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "வண்டியில இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கோபத்தில் நீ கசக்கிப் போட்டாலும் உன் பெண்டாட்டி எடுத்து நீவிப் படித்துவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்ற படிப்பு, பிழை இருக்கும். பிழையைப் பார்த்துச் சிரித்துக்கொள். விஷயத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

உன் மாமாவை அடக்கம் செய்த மறுநாள் காலையில், வந்த சொந்தக்காரர்களை எல்லாம் உன் பள்ளிக்கூட வேனில் ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்குக் கிளம்பினாய். உன் பக்கத்தில் வந்தபோது எனக்குச் சாராய வாடை அடித்தது. வேன் படியில் ஏறி நின்று, "எல்லாரும் இறங்குங்க, நடந்து போங்க" என்று கத்தினேன். பெரியம்மா முட்டிவலியோடு இறங்கி நடந்தார். நீ என் முகத்தைப் பார்த்து, "காலையில நான் தொடவே இல்லக்கா, சத்தியமா" என்றாய். நான், "செத்த வீட்டுலகூட பொய்யாடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அதோடு போனவன்தான் நீ.

இறக்கிவிட்டதற்கு நான் வருத்தப்படவில்லை. ஆனால் பொய் சொல்கிறாய் என்றேனே, அதுதான் தப்பு. நீ உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாய் என்று போன வாரம் தெரிந்துகொண்டேன். பயம் எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

போன வாரம் கோர்ட்டில் கேஸ் வந்தது. உன் மாமாமேல் வண்டியை ஏற்றினவனை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். ரொட்டி வேன் ஓட்டுகிறவன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தான். குடிகாரன் என்றால் கண் சிவந்து, தாடியோடு இருப்பான் என்று நினைத்திருந்தேன். இவன் நம் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி இருந்தான். நீதிபதி கேட்டதற்குச் சொன்னான்: "ஐயா, ராத்திரி வீட்லதான் குடிச்சேன். தூங்கினேன். எந்திரிச்சு குளிச்சேன். காலையில ஒரு சொட்டும் தொடலைங்கய்யா."

சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன் சின்னவனே. புருஷனைப் பறிகொடுத்தவள், நானே ஆட்டினேன். ராத்திரி குடித்தது காலையில் எப்படி இருக்கும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

வெளியே வந்ததும் அரசாங்க வக்கீலம்மா என்னை நிறுத்தினார். "ஏம்மா தலையாட்டுறீங்க? எப்ப குடிச்சேன்னு சட்டம் கேக்காது. ஓட்டும்போது ரத்தத்துல என்ன இருந்துச்சு, அதைத்தான் கேக்கும். அவன் ரத்தத்துல அளவுக்கு மேல இருந்துச்சு. விடிஞ்சு, வெயில் வந்து, ஊரே வேலைக்குப் போற நேரத்துல இருந்துச்சு" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல என் கண்ணுக்கு அந்த ரொட்டி வேன்காரன் வரவில்லை. நீதான் வந்தாய்.

பதில் போடு.
அக்கா

*

ஜனவரி 20

அக்கா,

உன் கவரைப் பார்த்ததும் கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்துவிட்டேன். படித்துப் பார்த்தால் நோட்டீஸே பரவாயில்லை போலிருக்கிறது.

பொய் சொல்லவில்லை என்று இப்போதாவது ஒத்துக்கொண்டாயே, அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் ஒத்துக்கொண்ட கையோடு கொலைகாரன் பக்கத்தில் என்னை உட்கார வைத்துவிட்டாய். மாமா எனக்கும் மாமாதான். எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவர் போன துக்கத்தில் இரண்டு கிளாஸ் உள்ளே போனது. அதற்குப் பெரியம்மாவை நடக்க விட்டு என் மானத்தை வாங்கினாய்.

நான் எப்படிக் குடிக்கிறேன் என்று உனக்குத் தெரியாது, கேட்டுக்கொள். சாயங்காலம் கடைசிக் குழந்தையை இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவி, பூட்டி, சாவியை அலமாரியில் வைத்த பிறகுதான் பாட்டிலைத் திறப்பேன். வெளியே குடிப்பதில்லை. யாரோடும் சண்டையில்லை. சாப்பிட்டுப் படுத்தால் விடியற்காலம்தான் முழிப்பு. பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளியல், பால் விடாத காபி, எலுமிச்சம்பழம் ஒன்று பிழிந்து அப்படியே விழுங்கல். அதற்கப்புறம் என்னைப் பார்த்தால் நீயே "இவன் குடிப்பானா?" என்று கேட்பாய். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டியிருக்கிறார்.

போலீஸ் என்னை நிறுத்தாமல் இல்லை. இரண்டு தடவை காலையில் கை காட்டினார்கள். நிறுத்தினேன். எட்டிப் பார்த்தார்கள். உள்ளே முழுக்கக் குழந்தைகள். "போங்க போங்க, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்று அவர்களே வழிவிட்டார்கள். குழந்தைகள்தான் எனக்கு கேட் பாஸ். ஊருக்கே ஊது மெஷின் நீட்டுவார்கள், எனக்கு சல்யூட் அடிப்பார்கள்.

உன் மருமகள் வாலு முன் சீட்டில் எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாராவது தப்பாக ஓட்டுவானா? கொஞ்சம் யோசி.

சட்டம் கற்றுக்கொண்டாய், சந்தோஷம். கறுப்புக் கோட்டு வாங்கிக்கொடுக்கட்டுமா?

உன் தம்பி

*

பிப்ரவரி 2

சின்னவனே,

கறுப்புக் கோட்டு வேண்டாம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எனக்கு நீலக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள், அதுவே கிழியாமல் இருக்கிறது.

குழந்தைகள்தான் எனக்கு கேட் பாஸ் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. படுக்கை விரிப்பு மடிக்கும்போதும் அதுவே ஓடியது. கூட மடிக்கிறவள், "என்னக்கா, முனை சேரவே இல்லையே" என்று கேட்டாள்.

குளியல், காபி, எலுமிச்சை இதையெல்லாம் வக்கீலம்மாவிடம் கேட்டேன். யாருக்கோ கேட்கிற மாதிரிக் கேட்டேன். அவர் சொன்னது இது. குடித்ததை உடம்பு தன் வேகத்தில்தான் வெளியே தள்ளும். மணிக்கணக்கில் மெதுவாகத் தள்ளும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் தோல்தான் குளிரும். காபி குடித்தால் தூக்கம்தான் போகும். எலுமிச்சை வாய் வாடையை மாற்றும், ரத்தத்தை மாற்றாது. நிறையக் குடித்துவிட்டுப் படுத்தவன் காலையில் எழுந்திருக்கும்போது தெளிந்த மாதிரி அவனுக்கே தோன்றும். அவன் கை காலும் அப்படியே நம்பும். பிரேக்கில் கால் வைக்க ஒரு இமை நேரம் தாமதமாகும், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்றும் சொன்னார். மற்றவர்களுக்காவது ஏதோ ஒரு அளவு வரைக்கும் விடுவார்களாம். குழந்தைகளை ஏற்றுகிற வண்டிக்கு அதுகூடக் கிடையாதாம். கொஞ்சம் இருந்தாலும் குற்றம்.

உன் மாமா அன்றைக்கு ரோட்டில் பெயிண்ட் அடித்துப் போட்டுக்கொண்டிருந்தது நிறுத்தக் கோடு. வண்டிகள் வந்து நிற்க வேண்டிய வெள்ளைக் கோடு. சுற்றிலும் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்துவிட்டுத்தான் குனிந்திருக்கிறார். ரொட்டி வேன்காரன் கூம்பைப் பார்த்தானாம். பார்த்தேன் என்று அவனே சொல்கிறான். காலை வைத்தேன், வண்டி நிற்கவில்லை என்கிறான். வண்டியில் கோளாறு இல்லை என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள். அந்த இமை நேரம்தான்.

போன வாய்தாவில் ஒன்று நடந்தது. வெளி பெஞ்சில் ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது. என் பாட்டில் தண்ணீரைக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "புண்ணியமாப் போகும். யாருக்காக வந்திருக்கீங்க?" என்றார். "வீட்டுக்காரருக்கு. உங்களுக்கு?" என்றேன். "மகன். ரொட்டி வேன் ஓட்டுறான்" என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது. பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கவும் தெரியாமல், கீழே வைக்கவும் தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு அழுதார். "ராத்திரி சாப்பாடு போட்டது நான்தான். பாட்டிலை வச்சுக்கிட்டு சாப்பிட்டான். வீட்லதானே குடிக்கிறான், வெளியே விழுந்து கிடக்கலையேன்னு நான் ஒண்ணும் சொல்லல. தூங்கினதைக்கூடப் பார்த்தேன்மா. நல்லாத் தூங்கினான்."

வீட்டில்தான் குடிக்கிறேன், யாரோடும் சண்டையில்லை என்று நீ எழுதியது அப்போது என் பையில் இருந்தது.

உன்னைத் திட்டவில்லை. கெஞ்சுகிறேன். வேலை நாளில் ராத்திரி குடிக்காதே. இல்லை, குடித்தால் மறுநாள் வண்டியை எடுக்காதே. இரண்டில் ஒன்று.

அக்கா

*

பிப்ரவரி 15

அக்கா,

உன் வக்கீலம்மா சொல்கிறபடி பார்த்தால் ஊரில் பாதி டிரைவர்கள் ஜெயிலில்தான் இருக்க வேண்டும். மீதிப் பாதி போலீஸ் வண்டி ஓட்டுகிறவர்கள், அவர்களையும் பிடிக்கச் சொல்.

இரண்டில் ஒன்று என்கிறாய். நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் குழந்தைகள் கத்துகிற கத்தலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார், அப்புறம் சொல். ஒருத்தி அழுவாள், ஒருத்தன் இன்னொருத்தன் டிபன் பாக்ஸை ஜன்னல் வழியாகப் போடுவான். சாயங்காலம் அந்த ஒரு பாட்டில் இல்லாவிட்டால் எனக்குத் தலைக்குள் அந்தச் சத்தம் நிற்பதில்லை. மருந்து மாதிரி வைத்துக்கொள்.

நீ வாய் வைத்த நேரம், போன வாரம் பள்ளிக்கூட வாசல் தூண் ஒன்று முன்னாடி ஒரு அடி நகர்ந்து வந்து என் கண்ணாடியை இடித்துவிட்டது. பக்கக் கண்ணாடி போச்சு. குழந்தைகளுக்கு ஒரே சிரிப்பு. "அங்கிள், தூண் குடிச்சிருக்கு" என்று ஒரு வாண்டு சொன்னது. வாலு மட்டும் சிரிக்கவில்லை, உன்னை மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வெயில் கண்ணில் அடித்தது, அவ்வளவுதான் விஷயம். புதுக் கண்ணாடி வாங்க வேண்டும், சம்பளம் வரட்டும்.

மாமா போன துக்கத்தில் உனக்கு எல்லாமே அப்படித் தெரிகிறது. அதை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் என் வீட்டுக்காரிக்கு போன் பண்ணி "அவன் பாட்டிலைக் கவனி" என்று சொன்னாயாமே. என் வீட்டுக்குள் கை நுழைக்காதே அக்கா. நன்றாக இருக்காது.

தம்பி

*

பிப்ரவரி 23

சின்னவனே,

எந்தப் பக்கத்துக் கண்ணாடி?

உன் கடிதத்தில் அது மட்டும் இல்லை. குழந்தைகள் ஏறி இறங்குகிற பக்கமா? அந்தப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும், தூண் அந்தப் பக்கம்தான் வரும். அப்படியென்றால் இறங்குகிற குழந்தை வண்டியை விட்டு விலகிப் போய்விட்டதா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாய்?

உன் வீட்டுக்காரிக்கு போன் செய்தது நான்தான், மறைக்கவில்லை. அவள் எல்லாம் கேட்டுவிட்டு, "சரி அண்ணி" என்றாள். அந்தச் "சரி"யில் அவளுக்கும் எல்லாம் தெரியும் என்பது அடங்கியிருந்தது.

உன் மாமா கிடந்த இடத்தில் டேப் பிடித்து அளந்தாரே ஒரு டிராபிக் அதிகாரி, அவரைப் போய்ப் பார்த்தேன். ஏதோ கையெழுத்துக்குப் போகிற மாதிரிப் போனேன். பேச்சோடு பேச்சாக, "ஏன் சார், ஸ்கூல் வேனை மட்டும் ஊதச் சொல்றதே இல்லையே?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நிறுத்தலாம்மா. டிரைவர் மாட்டினா வண்டியை எடுக்க விடக்கூடாது. அப்புறம் உள்ள இருக்கிற பிள்ளைகளை நடுரோட்டுல யார் பொறுப்புல விடுறது? ஒண்ணு ஓடும், ஒண்ணு அழும். அதனாலேயே எங்க ஆளுங்க கண்டுக்கிறதில்ல. தப்புதான்" என்றார்.

"பிள்ளைங்க ஏறுறதுக்கு முன்னாடியே நிறுத்தினா?" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த வண்டிம்மா?" என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். உன் வேன் நம்பர் எனக்கு மனப்பாடம். புது வண்டி வாங்கின அன்றைக்கு அதன் முன்னால் நிற்க வைத்து போட்டோ எடுத்தாயே, அந்த போட்டோ சுவரில்தான் மாட்டியிருக்கிறது. படிக்கட்டில் இறங்கும்போது நம்பர் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கிவிட்டேன்.

அடுத்த தடவை விழுங்க முடியுமா என்று தெரியவில்லை. என்னை அங்கே திரும்பப் போக வைக்காதே.

அக்கா

*

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஜெயித்தாய். விட்டுவிட்டேன். வாலு தலைமேல் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன். வீட்டில் இருந்த பாட்டிலை எல்லாம் கொட்டிவிட்டேன், சாக்கடை தள்ளாடிக்கொண்டு ஓடியது.

இனி நீ நிம்மதியாக உன் வேலையைப் பார். போலீஸ் ஸ்டேஷன் படியெல்லாம் ஏறி இறங்க வேண்டாம், உன் மூட்டுக்கு ஆகாது. கூடப் பிறந்தவன்மேல் புகார் கொடுத்தாள் என்று நாலு பேர் பேசினால் உனக்குத்தான் அசிங்கம்.

இங்கே எல்லாரும் சுகம். வாலுவுக்கு இப்போது புதுப் பைத்தியம். வேனில் வர மாட்டாளாம், பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போவாளாம். பின் சந்து வழியாகப் போனால் தூரம் குறைவு என்கிறாள். "ஏண்டி, அப்பன் வேன்ல ஓசியில போறதுக்கு வலிக்குதா?" என்று கேட்டேன். "நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு மிஸ் சொன்னாங்க" என்கிறாள். எந்த மிஸ் என்றால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். வளர்ந்துவிட்டாள், சிநேகிதிகளோடு பேசிக்கொண்டு போக ஆசையாக இருக்கும்.

கண்ணாடி இன்னும் மாட்டவில்லை. மாட்டிவிடுகிறேன். பயப்படாதே.

உன் தம்பி

*

மார்ச் 20

சின்னவனே,

தீர்ப்பு வந்துவிட்டது. அவனுக்குச் சிறை. லைசென்ஸும் போனது. அவனைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவன் அம்மா எழுந்து நிற்கப் பார்த்தார், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். வக்கீலம்மா என் கையைப் பிடித்து, "உங்களுக்கு நியாயம் கிடைச்சிருச்சும்மா" என்றார். நல்ல மனுஷி. ஆனால் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் உன் மாமாவின் ரப்பர் செருப்பு இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. நியாயத்தை நான் எங்கே வைப்பேன், சொல்.

இப்போது உன் விஷயம்.

நீ விடவில்லை. எழுத்தில் தெரிகிறது என்று சொல்ல மாட்டேன், எனக்கு அவ்வளவு படிப்பு இல்லை. வாலு நடக்கிறாள். அதைப் படித்தேன், போதும். முன் சீட்டுக்குச் சண்டை போடுகிற பிள்ளை அவள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் இறங்கிவிட்டாள். அப்பாவிடம் சொல்லவும் பயம், கூட உட்காரவும் பயம். மற்றப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவர்கள் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்த அதிகாரியிடம் போனேன். நம்பரைச் சொல்லிவிட்டேன்.

அவர் உங்கள் ஊர் ஸ்டேஷனில் பேசினார், என் கண் முன்னாலேயே பேசினார். இனி ஏதாவது ஒரு காலையில் உன் வீட்டுச் சந்து முனையில், முதல் குழந்தை ஏறுவதற்கு முன்னால், உன்னை நிறுத்துவார்கள். ஒரு நாளோடு விட மாட்டார்கள். எந்த நாள் என்று அவர் சொல்ல வந்தார். நான் வேண்டாம் என்றேன். தெரிந்தால் நான் உனக்குச் சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

எப்படி நடக்கும் என்று கேட்டு வந்திருக்கிறேன். கவனமாகப் படி. கை காட்டினால் ஓரமாக நிறுத்து. வேகத்தைக் கூட்டாதே, திரும்பி ஓடாதே, ஓடினால் அது தனிக் கேஸ். எஞ்சினை அணைத்துவிட்டு, கையை ஸ்டீரிங் மேல் அவர்களுக்குத் தெரிகிற மாதிரி வை. லைசென்ஸ் கேட்டால் கொடு. எவ்வளவு குடித்தாய், எப்போது குடித்தாய் என்று நீயாகக் கதை அளக்காதே, உன் வாய் உனக்கு எதிரி. ஊதச் சொன்னால் ஊது. மாட்டேன் என்றால் தப்பிக்கலாம் என்று உன் கூட்டாளிகள் சொல்லியிருப்பார்கள். ஊத மறுப்பதே குற்றம்தான், அதற்கும் தண்டனை உண்டு. புதுக் குழாய் மாட்டித்தான் ஊதச் சொல்ல வேண்டும், மாட்டாவிட்டால் மரியாதையாகக் கேள். வருகிற நம்பரைச் சீட்டில் போட்டுத் தருவார்கள், வாங்கிக்கொள். மெஷின் தப்பு என்று தோன்றினால் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. கையை மட்டும் ஓங்காதே.

முந்தின ராத்திரி நீ தொடாமல் இருந்தால் இதில் எதுவுமே உனக்கு வேண்டாம். ஊதிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவாய். அதற்காகத்தான் முன்கூட்டியே எழுதுகிறேன். உன்னை மாட்டிவிட வேண்டும் என்றால் இதை எழுதாமல் சும்மா இருந்திருப்பேனே.

இனி நீ என்னை அக்கா என்று கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை.

*

ஏப்ரல் 2

தலைப்பில் யார் பெயரும் போடவில்லை. என்ன போடுவது என்று தெரியவில்லை.

உன் கடிதம் வந்த அன்று அதைக் கிழித்தேன். வீட்டுக்காரி துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி வைத்திருக்கிறாள். நீ சொன்ன மாதிரியே.

அன்றைக்கு ராத்திரி குடிக்கவில்லை. பயத்தில்தான், உன்மேல் பாசத்தில் இல்லை. மறுநாளும் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் சட்டைப் பொத்தான் போட முடியாமல் கை நடுங்கியது. படுக்கை நனைந்து போகிற அளவுக்கு வேர்த்தது. ஒரு பாட்டில் வெறும் பழக்கம், நினைத்தால் நிறுத்திவிடுவேன் என்று நானே நம்பியிருந்தேன் அக்கா. சத்தியமாக நம்பியிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் சந்து முனையில் ஜீப்போடு நின்றார்கள். ஊதினேன். ஒன்றும் வரவில்லை. "நன்றி, போங்க" என்றார் அதிகாரி. அன்றைக்கு முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். ஜெயித்துவிட்டேன், இனி வர மாட்டார்கள் என்று நினைத்தேன். புதன்கிழமை ராத்திரி, விட்டுப்போன நாளுக்கெல்லாம் சேர்த்துக் குடித்தேன்.

வியாழக்கிழமை குளித்து, காபி குடித்து, எலுமிச்சை விழுங்கி, வண்டியை எடுத்தேன். மூலையில் திரும்பும்போது பார்த்தால் அதே ஜீப் நிற்கிறது.

உன் கடிதம் மனப்பாடமாக இருந்தது. நிறுத்து, ஓடாதே. நான் ரிவர்ஸ் எடுத்தேன். பின் சந்துக்குள் விட்டேன். ஒரு வேன் போகத்தான் அகலம், இரண்டு பக்கமும் சுவர். அவர்கள் வருகிறார்களா என்று பின்னால் பார்த்துக்கொண்டே போனேன். கண்ணாடி இருக்கிற பக்கம் மட்டும் பார்த்தேன்.

யாரோ வண்டியின் பக்கவாட்டில் தகரம் நசுங்குகிற மாதிரி அடித்தார்கள். "டேய்! ஓட்டுறியா, கொல்றியா?" என்று ஒரு சத்தம். சந்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறவர். நிறுத்திவிட்டு இறங்கினேன். அவர் என் சட்டையைப் பிடித்து வண்டிக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

ஒரு வீட்டு வாசல்படியில், பூட்டின கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு வாலு நின்றாள். பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். பையின் வார் வண்டியில் மாட்டி அறுந்து தொங்கியது. அழவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தாள். "வாலு" என்று கூப்பிட்டேன். திறக்கவில்லை. "வண்டி போயிடுச்சா?" என்று பஞ்சர் கடைக்காரரைக் கேட்டாள்.

நான் அவளைப் பார்க்கவே இல்லை அக்கா. அவள் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன், பார்க்கவே இல்லை.

ஜீப்பிலிருந்தவர் நடந்து வந்தார். எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே கையை நீட்டி மெஷினை வாங்கினேன். புதுக் குழாய் போட்டிருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஊதினேன். வந்த நம்பரைப் பார்த்து அவர், "இது எப்ப குடிச்சதுய்யா?" என்றார். எனக்கு வாயில் வந்தது என்ன தெரியுமா? "காலையில தொடலை சார்." அதுதான் வந்தது. அவ்வளவுக்கு அப்புறமும் அதுதான் வந்தது.

லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். வேன் ஸ்டேஷனில் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். ஓடப் பார்த்தது, குடித்தது, குழந்தையை ஆபத்தில் விட்டது, மூன்றும் எழுதியிருக்கிறார்கள். இருபதாம் தேதி கோர்ட். வாலு வீட்டில் என்னோடு ஒரே அறையில் இருக்க மாட்டேன் என்கிறாள். நான் உள்ளே போனால் அவள் வெளியே போகிறாள்.

சாயங்காலம் ஆனால் கை நடுங்குகிறது. நேற்று குடித்தேன். இன்று இன்னும் இல்லை.

உனக்கு நன்றி சொல்ல மாட்டேன். எனக்கு இந்தக் கோர்ட்டெல்லாம் தெரியாது. எங்கே நிற்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும், எதுவும் தெரியாது. நீ வருகிறாயா?

*

ஏப்ரல் 7

தம்பிக்கு,

வருகிறேன். பத்தொன்பதாம் தேதி சாயங்காலமே வந்துவிடுகிறேன்.

அதுவரைக்கும் ஒன்று செய். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். அவ்வளவு நடுக்கம் இருக்கிறவன் தானாக ஒரே அடியாக நிறுத்தக் கூடாதாம், உயிருக்கே ஆபத்தாம். உங்கள் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்கென்றே வார்டு இருக்கிறது. நாளைக்கே போ. உன் வீட்டுக்காரி கூட வருவாள், பேசிவிட்டேன். ஆமாம், உன் வீட்டுக்குள் மறுபடியும் கை நுழைத்துவிட்டேன்.

வாலுவைக் கூப்பிட்டுச் சமாதானம் செய்யாதே. அவள் தலைமேல் இனி சத்தியம் செய்யாதே. அறையை விட்டு வெளியே போனால் போகட்டும். பிள்ளைக்கு எவ்வளவு நாள் வேண்டுமோ அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளட்டும்.

கோர்ட்டில் உன் பெயர் கூப்பிட்டதும் எழுந்து நில். கையைக் கட்டாதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். நான் உனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு என்னைக் கூப்பிடு. நீதிபதி என்னைக் கேட்டால், நல்ல பையன், துக்கத்தில் குடித்துவிட்டான் என்று சொல்ல மாட்டேன். தினமும் அப்படித்தான் ஓட்டினான், எனக்குத் தெரியும், அவன் பெண்டாட்டிக்குத் தெரியும், அவன் பிள்ளைக்குத் தெரியும், ஏறின குழந்தைகளுக்குத்தான் தெரியாது என்று சொல்வேன். சிறை என்றால் சிறை. நான் உன் பக்கம் பார்த்துத் தலையாட்ட மாட்டேன்.

அதெல்லாம் முடிந்தால், உன்னை வீட்டுக்கு விட்டால், சேர்ந்து சாப்பிடலாம். விடாவிட்டால் வாலுவுக்குச் சோறு போட்டுவிட்டுக் கிளம்புகிறேன்.

பஸ் நிலையத்துக்கு யாரையும் அனுப்பாதே. நான் நடந்து வருகிறேன்.

அக்கா